நேராகப் போன கோடு

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அழைப்பு மணி அடித்தது.

அண்ணி கதவைத் திறந்தார். மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரை அண்ணி என்றே அழைத்தார்கள். அப்படி அழைக்க உரிமை உள்ளவன் ஒருவன்தான்: மாடியில் குடியிருக்கும் கொழுந்தன். வழக்கு வராத வக்கீல். அண்ணியைத் தேடி யாராவது வந்தால் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். இப்போதும் சட்டைப் பொத்தானைப் போட்டபடி இறங்கி வந்துகொண்டிருந்தான்.

வாசலில் நின்றவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம் இல்லாத முகம். தன் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் திசைக்கொன்றாகக் கிடந்த கொழுந்தனின் செருப்பையும் ஜோடி சேர்த்து வைத்தான். பிறகு உள்ளே வந்தான்.

"என் மனைவி பொய் சொல்லிட்டதா எல்லாரும் பேசறாங்க, மேடம்."

"எல்லாரும்னா?"

"அவளோட பேராசிரியர். வெளியிலிருந்து வந்த குழு. கூட வேலை செய்யறவங்க."

"நீங்க?"

அவன் நாற்காலியை நேராக்கிப் போட்டு உட்கார்ந்தான். அண்ணி குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து மேசையின் ஓரத்தில் வைத்தார்.

அவன் சொன்னதில் குழப்பம் எதுவும் இல்லை. கணவனும் மனைவியும் ஒரே ஆராய்ச்சிக் கட்டடத்தில் எதிரெதிர் அறைகளில் வேலை செய்கிறவர்கள். அவன் துறை வேறு, அவள் துறை வேறு. அவள் மாட்டு இதயத்திலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்துச் சுத்திகரித்தாள். செல்லுக்குள் சக்தி உண்டாகிற மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் நொதி அது. உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று ஒரு கருவியில் அளப்பார்கள். வேலை செய்தால் திரையில் கோடு சரியும். அவள் ஆய்வேட்டில் எழுதியிருந்த வேகம் இதுவரை யாரும் காணாதது. நம்ப முடியாமல் குழு ஒன்று நேரில் பார்க்க வந்தது. திங்கட்கிழமை காலை, அவர்கள் கண்முன் அவள் ஒரு துளி விட்டாள்.

"கோடு நேராவே போச்சு, மேடம். ஒரு மயிரிழைகூடச் சரியல."

"செத்துப்போன என்சைம்," என்றான் கொழுந்தன். "கொலை வழக்கு, அண்ணி!"

"உன் மூணாவது பொத்தான் நாலாவது ஓட்டையில இருக்கு. அதை முதல்ல பாரு."

வந்தவன் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை குழு மறுபடி கூடுது. எண்களை அவளே கற்பனையா எழுதிட்டான்னு முடிவு பண்ணிட்டா ஆறு வருஷ உழைப்பு போச்சு. அப்புறம் எந்த லேபும் அவளைச் சேர்த்துக்காது."

உள்ளறையில் தொலைபேசி அடித்தது. அண்ணி எழுந்து போனார். அந்த இடைவெளியில் வந்தவன் டம்ளரை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்ததைக் கொழுந்தன் பார்த்தான். அண்ணியின் காலடி கேட்டதும் வந்தவன் அதை எடுத்துப் பழையபடி ஓரத்திலேயே வைத்தான். கொழுந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"உங்க மனைவி மேல தப்பில்லைன்னு நிரூபிக்கணும். அதானே?" என்றார் அண்ணி.

"என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். எதுவா இருந்தாலும்."

"முந்தின ராத்திரி அந்த என்சைம் ட்யூபை யாராவது எடுத்துக் கெடுத்திருக்கலாமே?"

"இல்ல மேடம். ராத்திரி முழுக்க ட்யூப் பத்திரமா இருந்துச்சு. அது மட்டும் நிச்சயம்."

அவன் போன பிறகு அண்ணி டம்ளரை எடுத்தார். மேசையில் இரண்டு ஈர வளையங்கள் இருந்தன. ஒன்று ஓரத்தில், ஒன்று நடுவில். சற்று நேரம் பார்த்துவிட்டுத் துடைத்தார்.

"மனைவிக்காகப் பதறி ஓடி வர்ற புருஷன்," என்றான் கொழுந்தன். "தங்கமான மனுஷன், அண்ணி. என் செருப்பை ஜோடியா நானே இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"ஆமா. தங்கமான மனுஷன்தான்," என்றார் அண்ணி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

*

நீண்ட நடைவழி. இடதுபுறம் அவள் அறை, வலதுபுறம் அவன் அறை. நடுவில் சுவரோரமாக ஐஸ் இயந்திரம். அவ்வப்போது அதன் வயிற்றுக்குள் ஐஸ் சரிகிற சத்தம் கேட்டது.

முதலில் அவன் அறையை எட்டிப் பார்த்தார்கள். வெள்ளை தெர்மகோல் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பொடி ஐஸ், அதில் செருகிய சின்னஞ்சிறு ட்யூப்கள்.

"எல்லாமே ஐஸ்லதானா?" என்றான் கொழுந்தன்.

"பத்து நிமிஷம் வெளிய வச்சா போச்சு சார். என்சைம்னாலே அப்படித்தான்."

"காலையில எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றார் அண்ணி.

"விடியறதுக்குள்ள வந்துடுவேன். செல்களுக்குத் தீனி வைக்கணும். ஞாயிறு, திங்கள் எதுவும் கிடையாது. மாடு கட்டி வச்சவன் பிழைப்புதான் மேடம்."

எதிர் அறையில் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உருவம். விரலில் மைக்கறை. மேசையில் திறந்தபடி கிடந்தது ஒரு மைப்பேனா. அதன் மூடி ஜன்னலில் இருந்தது. பேராசிரியர் அந்த ட்யூபைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டிருந்தார், சாட்சிப் பொருளாக.

"இதையும் ஐஸ்லதான் வைப்பீங்களா?" என்றார் அண்ணி.

"ஐயோ, கூடாது மேடம். இது மத்ததுக்கெல்லாம் நேர்மாறு. மேசையில கிடந்தா ஒண்ணும் ஆகாது. குளிர்ந்தா துண்டு துண்டா கழண்டுடும். அப்புறம் சேராது."

"ஆனா அந்த மூலையில இருக்கிற ஃப்ரிட்ஜ்ல உங்க கையெழுத்துல காலி ட்யூப் நிறைய இருக்கே?"

"அது உப்போட படிஞ்சு கிடந்தப்ப வச்சது. உப்புல இருக்கிற வரைக்கும் குளிர் தாங்கும். மாசக்கணக்கா ஃப்ரிட்ஜ்லதான் இருந்துச்சு. கரைச்சு, உப்பை எடுத்துட்டா அப்புறம் குளிர் காட்டவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருந்த மொத்தத்தையும் கரைச்சேன். உடனே அளந்தேன். கோடு சறுக்குமரம் மாதிரி இறங்குச்சு."

"பார்த்த சாட்சி?"

"ஜூனியர் பக்கத்துலதான் இருந்தான். கவனிக்கலைங்கிறான்."

"உள்ள இருக்கிறதை யாராவது மாத்தியிருந்தா?"

"பார்த்துட்டேன். புரதம் அதே அளவு. துண்டுகள் எல்லாமே இருக்கு. வேலைதான் செய்யல." அவள் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு வெப்பமானி. அறை எவ்வளவு கீழே குளிர்ந்தது என்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வகை. "குளிர்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. ஆனா அறை குளிரவே இல்ல. காலையில வந்து பார்த்தப்ப ட்யூபும் வச்ச இடத்துலயே இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை அறையைப் பூட்டினது யாரு?"

"அவர்தான். கூட்டிட்டுப் போக வந்தார். நான் கீழ போய் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டேன், அவர் விளக்கை அணைச்சுப் பூட்டிட்டு வந்தார். சாவி ஒண்ணுதான். அதை என்கிட்ட விட்டா அவ்வளவுதான்." அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "ஒரு காலத்துல இதுக்குத்தான் தினம் சண்டை. அடுப்பை அணைக்கலை, குழாயை மூடலைன்னு. ஒருநாள் பொறுக்காம சொல்லிட்டேன், இனிமே என் தப்பை எனக்குக் காட்டாதீங்கன்னு. அன்னைக்கோட விட்டுட்டார். மூணு வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"அதுக்கப்புறம் நீங்க குழாயை மூட மறக்கறதில்லையா?"

அவள் யோசித்தாள். "தெரியல. மூடித்தான் இருக்கும்."

அண்ணி குனிந்து ட்யூபைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த காகிதத் துண்டில் மையால் இரண்டு வரிகள். மேல் வரி பளிச்சென்று இருந்தது. கீழ் வரி கலங்கி நீலமாகப் பரவியிருந்தது.

"என் ஈரக்கை பட்டிருக்கும்," என்றாள் அவள்.

அண்ணி ட்யூபைச் சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார்.

*

நடைவழியின் முனையில் ஆய்வுக்கூட உதவியாளர் காத்திருந்தார். வயதானவர். கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீர் இல்லை.

"நான்தாம்மா கொன்னுட்டேன்," என்றார். "ஞாயித்துக்கிழமை யாரும் வரமாட்டாங்கன்னு ஏசியை மொத்தமா நிறுத்திட்டுப் போயிட்டேன். அறை வெந்து போயிருக்கும். அந்தப் பொண்ணு என்னை அப்பா மாதிரி நடத்துது. சொல்ல வாய் வரல."

கொழுந்தன் அண்ணியின் காதோரம் குனிந்தான். "கேஸ் முடிஞ்சுது."

"சூடு அதை ஒண்ணும் பண்ணாதுங்க," என்றார் அண்ணி. "உங்க மேல தப்பே இல்ல."

"குளிர் ஆகாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்குதான். அதுக்காகச் சூடு ஆகுமாம்மா? எனக்காகச் சொல்றீங்களா?"

"இல்ல."

அவர் நம்பவில்லை. துணியை மறுபடி பிழிந்தபடி போனார்.

ஜூனியர் மாடிப்படியில் பிடிபட்டான். அவளுக்குக் கீழே ஆராய்ச்சி செய்கிறவன். அண்ணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, சும்மா பார்த்தார். அது போதுமாக இருந்தது.

"அக்கா கை கழுவப் போனாங்க. அப்ப ட்யூபை எடுத்து வெளிச்சத்துல பார்த்தேன். அவங்களுக்கு வர்ற எண் எனக்கு ஏன் வரலைன்னு... பொறாமைதான் மேடம், வேற என்ன. கை நழுவிக் கீழ விழுந்துடுச்சு. மூடி திறக்கல, ஒரு துளி சிந்தல. எடுத்து வச்சுட்டேன். அந்த அதிர்ச்சியிலதான் செத்திருக்கும்."

"முடிஞ்சுது கேஸ்," என்றான் கொழுந்தன், இம்முறை சத்தமாக.

"அவங்க அளந்தது அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றார் அண்ணி.

"பின்னால."

"கோடு?"

அவன் தலை குனிந்தது. "சரிஞ்சுது."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப அது உயிரோடதான் இருந்திருக்கு. அதைக் குழுவுக்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கீழ போட்டதையும் சொல்ல வேண்டி வரும்."

"இப்ப சொல்லிட்டே. வெள்ளிக்கிழமை குழுவுக்கிட்டயும் சொல்லுவே."

அவன் தலையசைத்தான். அழுகிற வயது தாண்டியவன்தான், ஆனாலும் அழுதான்.

பேராசிரியர் தன் அறையில் அவர்களை உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினார். "ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டேன். எண்கள் இருந்த பக்கத்தை வரி வரியாப் படிக்கல. குழு முகத்தைச் சுளிச்சதும் எனக்கு என் பேர்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. 'எனக்கும் சந்தேகம்தான்'னு சொல்லிட்டேன். அவ என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்க. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கல."

வெளியே வந்ததும் கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "ஒரே நாள்ல மூணு பேர் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர்கூடக் குற்றவாளி இல்ல. என் அதிர்ஷ்டம் அப்படி."

"எல்லாருக்கும் மனசு குத்துது," என்றார் அண்ணி. "குத்தாத ஒருத்தரைத் தேடணும். அந்த ட்யூபுக்கு நான் நல்லதுதான் பண்ணேன்னு நிம்மதியா இருக்கிற ஒருத்தரை."

"யாரு அப்படி இருப்பாங்க?"

அண்ணி ஐஸ் இயந்திரத்தின் முன் நின்றார். அதன் மூடியை ஒருமுறை திறந்து மூடினார்.

"காலையில வீடு தேடி வந்தவரை எனக்குப் பிடிச்சிருந்தது," என்றார். "அதான் சங்கடமா இருக்கு."

*

மறுநாள் பிற்பகல் எல்லோரும் அவள் அறையில் கூடினார்கள். பேராசிரியர் ஜன்னலருகே. உதவியாளர் கதவருகே. ஜூனியர் தரையைப் பார்த்தபடி. கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில். ஜன்னலில் இருந்த பேனா மூடி இப்போது பேனாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, அண்ணியைத் தவிர.

அவர் கணவனிடம் நேராகக் கேட்டார். "ஞாயிறு ராத்திரி ட்யூப் எங்க இருந்துச்சு?"

அவன் மனைவியை ஒருமுறை பார்த்தான். "இந்த மேசையில."

"நேத்து எங்க வீட்டுல என் டம்ளரை நடுவுல தள்ளி வச்சீங்க. நான் வர்றதுக்குள்ள மறுபடி ஓரத்துக்கே கொண்டுபோனீங்க. மேசையில ரெண்டு வளையம் இருந்துச்சு."

கொழுந்தனின் வாய் திறந்தது. சொல்ல வேண்டியதை அவன் சிரிப்போடு விழுங்கிவிட்டிருந்தான்.

"அது... பழக்கம்," என்றான் கணவன்.

"விழுந்துடும்னு பயம். ஆனா ஓரத்துல வச்சது தப்புன்னு எனக்குத் தெரியக் கூடாது. அப்படித்தானே? மூணு வருஷமா உங்க வீட்டுல குழாய் தானா மூடிக்குது, அடுப்பு தானா அணையுது."

மனைவி திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அப்புறம் இன்னொண்ணு சொன்னீங்க. ராத்திரி முழுக்க ட்யூப் பத்திரமா இருந்துச்சுன்னு. பத்து நிமிஷம் வெளிய வச்சா போச்சுங்கிறவர் நீங்க. மேசையில கிடக்கிறதைப் பத்திரம்னு சொல்ல மாட்டீங்க. இப்ப இதைப் பாருங்க." அண்ணி கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "ஈரக்கை பட்டிருந்தா விரல் பட்ட இடம்தான் கலங்கும். இதுல கீழ் வரி சுத்திச் சுத்தி ஒரே மட்டத்துல கலங்கியிருக்கு. கழுத்தளவு தண்ணியில நின்ன மாதிரி. அறைக்குச் சாவி ஒண்ணு. அது உங்ககிட்ட. ராத்திரி ட்யூப் எங்க இருந்துச்சு?"

அவன் பெருமூச்சு விட்டான். பாரம் இறங்கியது போலிருந்தது.

"ஐஸ்ல," என்றான். "என் அறையில, ஐஸ் பெட்டியில. விடியற்காலையில எடுத்துத் துடைச்சு, இருந்த இடத்துலயே வச்சுட்டேன்."

உதவியாளரும் பேராசிரியரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவளைக் குறை சொல்லாதீங்க," என்றான் அவசரமாக. "குழு வர்ற பதட்டம். ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டியதை மறந்து மேசையிலயே விட்டுட்டா. எப்பவும் ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதைத்தான் நான் பார்த்திருக்கேன். சொன்னா மனசு கஷ்டப்படுவா. அதான் சொல்லல. யாருக்கிட்டயும் சொல்லல. சொன்னா, மறதிக்காரின்னு அதுக்கும் ஒரு பேரு வரும்."

"ஐயோ, சார்," என்றார் உதவியாளர்.

"என்ன?"

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறீங்க?"

ஜூனியர்தான் சொன்னான், தரையைப் பார்த்தபடியே. "சார், அதுக்குக் குளிர் ஆகாது."

அவன் சிரிக்கப் பார்த்தான். "என்சைமுக்கா?"

"இதுக்கு," என்றாள் மனைவி. அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "உங்ககிட்ட சொல்லியிருக்கேன். ரெண்டு தடவை, சாப்பிடும்போது. 'ம்'னு சொன்னீங்க."

அவன் தன் கைகளைப் பார்த்தான். ட்யூபைத் துடைத்து வைத்த கைகள். முழங்காலில் வைத்தான், எடுத்தான், எங்கே வைப்பதென்று தெரியாதவன் போல.

"நாளைக்குக் குழுவுக்கிட்ட நானே பேசறேன்," என்றார் பேராசிரியர். "கோடு சரிஞ்சதைப் பார்த்த சாட்சி இருக்கு. ஏன் செத்துச்சுன்னும் தெரிஞ்சுபோச்சு. மறுபடி தயார் பண்ண அவகாசம் கேட்போம். குடுப்பாங்க. என் சந்தேகத்தையும் வாபஸ் வாங்கிக்கிறேன்." அவர் அவளைப் பார்த்தார். "அது வாபஸ் வாங்கற விஷயமான்னு தெரியலம்மா."

அவள் தலையசைத்தாள்.

உதவியாளர் கதவருகே தயங்கினார். "அப்ப, ஏசி இல்லியாம்மா?"

"ஏசி இல்ல," என்றார் அண்ணி.

அவர் அப்போதுதான் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டார். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஜூனியர் கடைசியாகப் போனான், "அக்கா" என்று ஆரம்பித்து முடிக்காமல்.

அண்ணி கைப்பையை எடுத்தார். கொழுந்தன் அன்றைக்கு, கேஸ் முடிந்தது என்று சொல்லவில்லை.

"மன்னிச்சுக்கோ," என்றான் கணவன். "காப்பாத்தத்தான் வச்சேன். சத்தியமா."

"தெரியும்," என்றாள் அவள்.

"உன் என்சைமை நானே..."

"அது போகட்டும். இதயம் வாங்கிக்கலாம், மறுபடி பண்ணிக்கலாம்." அவள் பேனாவை எடுத்து, பக்கத்தில் கிடந்த மூடியைப் பொருத்தினாள். மூடி எப்படி அங்கே வந்தது என்று ஒரு கணம் பார்த்தாள். "நான் வேற ஒண்ணை யோசிக்கிறேன். ராத்திரி முழுக்க அது ஐஸ்ல இருந்துச்சுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கெட்டுப்போக வழியே இல்லைன்னு உங்களுக்கு நிச்சயம்."

அவன் நிமிரவில்லை.

நடைவழியில் ஐஸ் சரிகிற சத்தம் கேட்டது. அண்ணி கதவைப் பாதி திறந்தபடி நின்றுவிட்டார்.

"அப்படின்னா திங்கட்கிழமை கோடு நேராப் போனப்ப, என்னைப் பத்தி என்ன நெனச்சீங்க?"